ஆனால்

புதன்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள், நிஹாரா.
அதற்குள் சிலது சொல்லிவிடுகிறேன்.

கடிதத்தில் ஒன்பது மணி என்றிருக்கும்.
ஏழரைக்கே போ.
விசாரணை இரண்டாம் மாடியில்.
லிப்ட் பழுது. நான் போன அன்றும் பழுது,
அதற்கு முதல் வருஷம் தெரேசா அக்கா போன அன்றும் பழுது.
படியேறிப் போனால்
படியேற ஏலும் என்று எழுதுவார்கள்.
ஏறாவிட்டால்
வரவில்லை என்று எழுதுவார்கள்.
நான் ஏறினேன்.
முப்பத்திநாலு படி. பதினேழாவதில் ஒரு யன்னல்,
யன்னலுக்கு வெளியே காகக் கூடு,
குடைக்கம்பியும் வயர்த்துண்டும் வைத்துக் கட்டியது.
அதைப் பார்க்கிறமாதிரி நின்று மூச்சு வாங்கினேன்.

என்ன உடுப்பது என்று கேட்டாய்.
கச்சேரிக்குப் போகிறோமே என்று
நான் நல்ல சாரி உடுத்தினேன்.
தங்கச்சிதான் கொசுவம் வைத்தாள், ஊசி குத்தினாள்,
தலை பின்னிவிட்டாள். முக்கால் மணித்தியாலம்.
பிறகு பைலில் கண்டேன்:
துப்புரவாக உடுத்தியிருக்கிறார்,
தன் வேலைகளைத் தானே செய்யக்கூடியவர்.
தங்கச்சியின் கைகள் அந்தப் பைலில் இல்லை.

உள்ளே மூன்று பேர். ஒருவர் டொக்டர்,
உன்னைத் தொடமாட்டார்.
நடுவில் இருக்கிறவர் கெட்டவர் இல்லை,
தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.
கிளாஸை எந்தக் கையால் எடுத்தேன் என்று
பக்கத்திலிருந்தவர் குறித்துக்கொண்டார்.

கேள்வியெல்லாம் சிங்களத்தில்.
மொழிபெயர்க்க ஒரு பெடியன்,
பாவம், மத்தியானத்துக்குள் அவனுக்கு நாற்பது பேர்.
புளுவன்த, என்பார்கள்.
சமைக்க ஏலுமா?
ஏலும், ஆனால் அரிசி களைந்த பிறகு படுக்கவேண்டும் என்றேன்.
பெடியன் சொன்னான்: புளுவன்.
எழுத ஏலுமா?
ஏலும், ஆனால் பெயர் முடியமுன் விரல் விறைத்துவிடும்.
புளுவன்.
கடைக்குப் போக?
ஏலும், ஆனால் திரும்பி வர
புளுவன்.

ஆனால்கள் அத்தனையும்
மேசைக்கு இந்தப் பக்கமே, என் மடியில் கிடந்தன.
ஆகவே நீ அங்கேயிருந்தே தொடங்கு.
அரிசி களைந்தால் படுத்துவிடுவேன் என்று சொல்,
சமையல் பிறகு வரட்டும்.
பொய் சொல்லச் சொல்லவில்லை.
நல்ல நாள் உன்னுடையது,
அதை வீட்டில் விட்டுவிட்டு வா.

பதினொரு நிமிஷம்தான்.
வெளியே வந்ததும் அழுகை வரும் என்று நினைப்பாய்.
பசிதான் வரும்.
எதிரே சைவக்கடை, இரண்டு வடை, ஒரு பிளேன்டீ.
அழுகை மூன்றாம் நாள், உடுப்புத் தோய்க்கையில்.

பிறகு ஏழு மாதம் ஒன்றுமில்லை.

கடிதமும் சிங்களத்தில்தான் வந்தது.
பக்கத்து வீட்டுச் சந்தமாலி வாசலில் நின்றபடி வாசித்தாள்.
கிடைத்துவிட்டது என்றாள்.
ஒரு சொல்லில் நின்றாள். நமுத்.
ஆனால், இரண்டு வருஷத்தில் திரும்பப் பரிசோதிப்பார்கள்.
நான் தொலைத்ததில் ஒன்று
முத்திரை குத்தி வீடு வந்திருந்தது.

காசு வந்தது, கடனுக்குப் போனது,
மிச்சத்தில் குளிக்கும் அறைக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை.

இனிச் சொல்வதை உனக்கு வேறெவரும் சொல்லமாட்டார்கள்.
போன மாதம் மோதரைக் கடற்கரையில்
தங்கச்சியின் மகள் துரத்த
நாலு எட்டு ஓடிவிட்டேன்.
நாலே நாலு.
உடனே நின்று திரும்பிப் பார்த்தேன்,
யாரும் குறித்துக்கொள்கிறார்களா என்று.
கச்சான் விற்கிறவர் மட்டும்தான்.
இரண்டு நாள் பாயைவிட்டு எழும்பவில்லை.
படுத்துக்கிடந்து, சொல்ல வெட்கம், சந்தோஷப்பட்டேன்:
நோகிறது,
அப்படியென்றால் நான் பொய் சொல்லவில்லை.

புதன்கிழமை நானும் வருகிறேன்.
பதினேழாம் படியில் நிற்போம்,
கூடு இருந்தால் காட்டுகிறேன்.
அடையாள அட்டை போட்டோக்கொப்பி மூன்று கேட்பார்கள்.
நாலாகவே எடு.